கிடா விந்து: எடுப்பது எப்படி, பார்ப்பது எப்படி

மலேசியாவில், பகாவ் பக்கத்தில் ஆடு வளர்ப்பவரிடம் "உங்க கிடா எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். முதலில் எடையைச் சொல்வார். அப்புறம் காது நீளம், கொம்பு, எத்தனை வெள்ளி கொடுத்து வாங்கினார் என்பது. விந்தைப் பரிசோதித்திருக்கிறீர்களா என்று கேட்டால் சிரித்துவிடுவார். அந்தச் சிரிப்பில் வெட்கம் கொஞ்சம், 'அதைப் போய் யார் பார்ப்பா' என்கிற நினைப்பு கொஞ்சம்.

போன சித்திரையில் தோட்டத்து அண்ணன் ஒருவர் எனக்குப் போன் அடித்தார். லயத்துக்குப் பின்னால், செம்பனை ஓரமாக, தூண் மேல் உயர்த்திப் பலகை அடித்த கொட்டகை அவருடையது. போயர் கிடா ஒன்று, பெட்டை ஆடுகள் பதினாறு.

"தம்பி, பதினாறுல மூணுதான் சினை புடிச்சிருக்கு. மத்ததெல்லாம் மூணு வாரத்துக்கு ஒரு தடவ திரும்பத் திரும்பக் கத்துது. இந்தக் கிடாவ ஆடி மாசம் முனியாண்டிக்குக் குடுத்துட்டு வேற வாங்கிடலாம்னு பாக்குறேன்."

"வெட்டுறது எப்ப வேணும்னாலும் வெட்டலாம்ணே. ஒரு தடவ விந்தப் பாத்துரலாமே" என்றேன்.

அன்று அவர் கொட்டகையில் செய்ததைத்தான் இங்கே விளக்கப் போகிறேன். செயற்கை முறை கருவூட்டலுக்காக விந்து எடுக்கும் நிலையங்களிலும் இதே வேலைதான், கருவிகள்தான் கொஞ்சம் பளபளப்பு.

செயற்கைக் கருவூட்டல் எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊர்ப்பக்கம் இதைச் 'சினை ஊசி' என்பார்கள். ஊசி எதுவும் குத்துவதில்லை, விந்தைக் குழாய் வழியாகக் கருப்பை வாயில் விடுகிறார்கள், அவ்வளவுதான். பத்துப் பதினைந்து ஆடு வைத்திருப்பவருக்குக் கிடாவை அவிழ்த்து விட்டாலே போதும். ஆனால் நம் கொட்டகைகளில் நடப்பதைப் பாருங்கள். நல்ல கிடா ஒன்றை வாங்குகிறோம். இரண்டு வருடத்தில் அதன் மகள்களே பருவத்துக்கு வந்துவிடும். கிடா மட்டும் மாறாது. அப்பனுக்கும் மகளுக்கும் பிறக்கும் குட்டிகள் தலைமுறைக்குத் தலைமுறை சிறுத்துக்கொண்டே போகும், சாவும் கூடும். சரி, பக்கத்துத் தோட்டத்துக் கிடாவை இரவல் வாங்கலாம் என்றால் அதோடு நோயும் சேர்ந்து வரும். புருசெல்லா மாதிரியான கிருமி ஆட்டில் கருச்சிதைவை உண்டாக்கும், ஆளையும் விடாது. நோய்ப் பரிசோதனை முடிந்த கிடாவின் விந்து மட்டும் வந்தால் இந்த இரண்டு தொல்லையும் குறையும். 'பரிசோதனை முடிந்த' என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் விந்து வழியாகவும் கிருமி வரும்.

இன்னொரு காரணம் எண்ணிக்கை. கிடா ஒரு தடவை விடும் விந்து ஏறக்குறைய 1 மில்லிதான். அரை மில்லியிலிருந்து ஒன்றரை மில்லி வரை இருக்கும், ஒரு டீஸ்பூனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுவது அபூர்வம். காளை இதைவிட நாலைந்து மடங்கு கொடுக்கும். ஆனால் கிடாவின் விந்து கெட்டி. ஒரு மில்லியில் 200 கோடியிலிருந்து 500 கோடி வரை விந்தணுக்கள் இருக்கும். இயற்கையாக விட்டால் அத்தனையும் ஒரே பெட்டைக்குப் போய்விடும். நீர்த்துப் பிரித்தால் இருபது பெட்டைக்குக் காணும்.

இனி விந்தணு எப்படி உண்டாகிறது என்பதற்கு வருகிறேன். மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். கிடாவின் உடல் சூடு சுமார் 39 டிகிரி. அந்தச் சூட்டில் விந்தணு உருவாகாது. அதனால்தான் விதைப்பை உடம்புக்கு வெளியே தொங்குகிறது. விதைகள் உடம்பைவிட நாலைந்து டிகிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டும். வெயில் நேரத்தில் பை தளர்ந்து தொங்குவதும் மழையில் சுருங்கி மேலேறுவதும் இதற்காகத்தான். உள்ளே ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய ஏழு வாரம் ஆகும். பிறகு விதையை ஒட்டிச் சுருண்டு கிடக்கும் நீளக் குழாயில் பத்துப் பன்னிரண்டு நாள் ஊர்ந்து முதிரும். மொத்தம் ஏறக்குறைய இரண்டு மாதம். அப்படியானால் இன்று நீங்கள் கண்ணாடிக் குப்பியில் பிடிக்கும் விந்து இரண்டு மாதத்துக்கு முன்னால் ஆரம்பித்த சரக்கு. நடுவில் கிடாவுக்குக் காய்ச்சல் வந்திருந்தால், தகரக் கூரைக்கு அடியில் வெந்திருந்தால், அது இன்றைய சொட்டில் தெரியும். இன்று கிடா துள்ளிக் குதித்தாலும் தெரியும்.

குளிர் நாடுகளில் பகல் நீளம் மாறுவதால் கிடாவுக்குப் பருவ காலம் என்று ஒன்று உண்டு. வசந்தத்தில் விந்தின் தரம் இறங்கும். நமக்கு வருடம் முழுக்கப் பகலும் இரவும் கிட்டத்தட்ட சமம். ஆகையால் இங்கே காலண்டரைவிடக் கூரைதான் முக்கியம்.

விந்து எடுக்கும் முன் கிடாவைப் பார்க்க வேண்டும், கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். தையற்காரர் டேப் ஒன்று போதும். விதைப்பையை மேலிருந்து மெல்லக் கீழே இறக்கிப் பிடித்து, பருத்த இடத்தில் சுற்றளவு எடுங்கள். போயர், ஜமுனாபாரி மாதிரி பெரிய இனத்தில் வளர்ந்த கிடாவுக்கு 25 சென்டிமீட்டராவது வேண்டும். நம் ஊர்க் கச்சாங் ஆடு உருவத்தில் சிறிசு, அதை இந்த அளவால் அளக்கக் கூடாது. இரண்டு விதையும் ஒரே அளவில் இருக்கிறதா, அழுத்தினால் ரப்பர் மாதிரி திண்மை தெரிகிறதா என்று பாருங்கள். கொழகொழ என்றிருந்தாலும் கல் மாதிரி இருந்தாலும் சந்தேகம்தான். அடிப்பக்கம் குழாய் முடியும் இடத்தில் ஒரு சிறு உருண்டை தட்டுப்படும். அது இயல்பு. அங்கே கட்டி போல வேறு ஏதாவது இருந்தால் அடைப்பாக இருக்கலாம். பிறவியிலேயே கொம்பில்லாத கிடாக்களில் சிலவற்றுக்கு, குழாய் ஆரம்பிக்கும் மேல்பக்கத்தில் அடைப்பு வருவதுண்டு. சானேன் போன்ற பால் இனத்தில் கொம்பில்லாததையே தேடி வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கொம்பில்லாத அப்பனுக்கும் கொம்பில்லாத அம்மாவுக்கும் பிறந்த கிடாவை நான் பரிசோதிக்காமல் வாங்க மாட்டேன்.

விந்து எடுக்கும் கருவி செயற்கைப் பெண்குறிக் குழாய். வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டு எல்லாரும் ஆங்கிலச் சுருக்கமாக 'ஏவி' என்பார்கள், நானும் 'குழாய்' என்றே சொல்லிவிடுகிறேன். 1914-இல் இத்தாலியில் அமாந்தியா என்பவர் நாய்க்காக முதலில் செய்தது. அதன் பிறகு காளை, செம்மறி, வெள்ளாடு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு வந்தது. ஆட்டுக்கு ஒரு சாண் நீளத்தில் கெட்டியான ரப்பர் உருளை. அதற்குள் மெல்லிய லேடெக்ஸ் உறை, இரண்டு முனையிலும் வெளிப்பக்கம் மடித்து ரப்பர் வளையம் போட்டிருக்கும். (நம் பாட்டன்மார் விடியற்காலையில் சீவிய பால்மரத்துப் பாலிலிருந்து வந்த சரக்குதான் இந்த உறை. பகாவில் உட்கார்ந்து அதைக் கையில் எடுக்கும்போது எனக்கு இது ஞாபகம் வராமல் இருந்ததில்லை.) உருளைக்கும் உறைக்கும் நடுவே வால்வு வழியாகப் பாதி அளவு வெந்நீர் விட வேண்டும். பிறகு கொஞ்சம் காற்று ஊதினால் உறை உப்பி, வாய்ப்பக்கம் மூன்று இதழ் மாதிரி குவிந்துகொள்ளும். மறுமுனையில் அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குப்பி.

கிடா கவனிப்பது இரண்டைத்தான், சூடும் இறுக்கமும். உள்ளே 42 முதல் 45 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ரப்பரே சூட்டை இழுத்துக்கொள்வதால் ஊற்றும் தண்ணீர் 50-க்கு மேல் இருக்கும். தெர்மோமீட்டரைக் குழாய்க்குள் விட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், உள்ளங்கை சொல்வதை நம்பாதீர்கள். சூடு குறைந்தால் கிடா ஏறும், இறங்கும், ஒன்றும் தராது. கூடிப் போனால் அன்றைக்கு விந்தணு வெந்துவிடும், மறுநாள் குழாயைக் கண்டாலே கிடா முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஒரு தடவை சூடுபட்ட கிடாவை மறுபடி பழக்க வாரக்கணக்கில் ஆகும். வாய்ப்பக்கம் மட்டும் துளி வாசலின் தடவினால் போதும். ஆழமாகப் பூசினால் அது விந்தோடு கலந்து குப்பிக்கு வந்துவிடும்.

பருவத்தில் இருக்கும் பெட்டை ஒன்றைக் கழுத்துச் சட்டத்தில் மாட்டி நிறுத்துகிறோம். கிடாவின் உறுப்பு வாயைச் சுற்றியுள்ள நீள முடியை முன்பே கத்தரித்து, உப்பு நீரால் கழுவி, ஈரம் போகத் துடைத்திருப்போம். கிடா வரும், முகரும், மேலுதட்டைச் சுருட்டி வானத்தைப் பார்க்கும், முன்னங்காலால் உதைக்கும், அந்த நாற்றமெல்லாம் சேர்ந்து நம் சட்டையில் ஒட்டிக்கொள்ளும். முதல் தடவை ஏறியதும் விந்து பிடித்துவிடாதீர்கள். ஒன்றிரண்டு முறை ஏற விட்டு இறக்குங்கள். இப்படிக் காக்க வைத்தால் விந்தணு எண்ணிக்கை கூடும். நான் கிடாவின் வலப்பக்கம் ஒரு முட்டி போட்டு உட்காருவேன். குழாயைப் பெட்டையின் இடுப்பை ஒட்டி, வாய் கீழே சாய்ந்தபடி வைத்துக்கொள்வேன். கிடா ஏறியதும் இடது கையால் உறுப்பின் தோலுறையைப் பிடித்து மெல்லக் குழாய் வாய்க்குத் திருப்ப வேண்டும். உறுப்பைத் தொடவே கூடாது, தொட்டால் பின்வாங்கிவிடும். குழாயை நாம் தள்ளவும் கூடாது. கிடாவே முன்னால் பாயும். ஒரே பாய்ச்சல், முதுகு வில்லாக வளையும், முடிந்தது. பழகாத ஆள் "இன்னும் வரலையே" என்று காத்திருப்பார், குப்பியில் விந்து இருக்கும்.

பிறகு குழாயைக் குப்பிப் பக்கம் கீழே வரும்படி நிமிர்த்தி, காற்றைத் திறந்துவிட்டு, குப்பியைக் கழற்ற வேண்டும். பழகிய கிடாவிடம் ஒரு நாளைக்கு இரண்டு தடவை, வாரத்தில் இரண்டு மூன்று நாள் எடுக்கலாம். பல வாரம் சும்மா இருந்த கிடாவின் முதல் விந்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. தேங்கிக் கிடந்த கிழட்டு விந்தணுக்கள் அதில் நிறைய இருக்கும்.

மின்சாரக் கோலை மலவாயில் விட்டு விந்து எடுக்கும் முறையும் உண்டு. கால் ஊனமான கிடா, பழக்க நேரமில்லாத கிடா என்றால் மருத்துவர்கள் அதைச் செய்வார்கள். அளவு கூடுதலாக வரும், ஆனால் நீர்த்திருக்கும், சில சமயம் சிறுநீரும் கலந்துவிடும், கிடாவும் அலறும். பத்து நாள் பொறுமையாகப் பழக்கினால் கிடைப்பதற்கு அந்த வழி வேண்டாம் என்பது என் கட்சி.

இனிக் குப்பி. இந்த வேலையில் முக்கால்வாசித் தவறு கிடாவிடம் நடப்பதில்லை, குப்பிக்கும் மைக்ரோஸ்கோப்புக்கும் நடுவே நம் கையில் நடக்கிறது. விந்தணுவுக்குத் தண்ணீர் ஆகாது. ஒரு சொட்டுப் பச்சைத் தண்ணீர் பட்டாலும் வால் சுருண்டுவிடும். சோப்பு மிச்சம் ஆகாது. நேர் வெயில் ஆகாது. எல்லாவற்றையும்விடத் திடீர்க் குளிர் ஆகாது. குப்பி, ஸ்லைடு, மேலே வைக்கும் மெல்லிய கண்ணாடி, சாயம், நீர்க்கும் கரைசல் எல்லாமே 37 டிகிரியில் தயாராக இருக்க வேண்டும்.

இதை நான் அடிபட்டுக் கற்றேன். வேலை பழகிய புதிதில், வெளியே 33 டிகிரி வெயில். விந்தை எடுத்துக்கொண்டு ஏர்கோன் அறைக்குள் ஓடினேன். ஸ்லைடுப் பெட்டி ஏர்கோனுக்கு நேர் கீழே இருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால் பாதி விந்தணு செத்த மாதிரி கிடக்கிறது, மீதி வட்டம் போடுகிறது, சிலது பின்பக்கமாக நகர்கிறது. 'கிடா தகுதியற்றது' என்று எழுதிவிட்டேன். பெரியவர் ஒருவர் வந்தார், ஸ்லைடைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. இன்னொரு ஸ்லைடை வெந்நீர்ப் பாத்திரத்தின் மூடி மேல் வைத்துச் சூடாக்கி, அதே குப்பியிலிருந்து இன்னொரு சொட்டு வைத்தார். உள்ளே புயல் அடித்துக்கொண்டிருந்தது. நான் எழுதிய தாளை என்னிடமே கொடுத்துக் கிழிக்கச் சொன்னார்.

கொட்டகையில் வேலை செய்யும்போது ஏர்கோன் இல்லாதது ஒரு வசதி என்று இப்போது நினைக்கிறேன். ஒரு தெர்மாஸ் வெந்நீர், ஒரு டப்பா, ஒரு தெர்மோமீட்டர் இருந்தால் போதும்.

முதல் பார்வை கண்ணால். அளவைக் குப்பிக் கோட்டில் படியுங்கள். நிறம் கிரீம் வெள்ளையாக இருக்க வேண்டும், வாளியில் சேர்ந்த பால்மரத்துப் பால் மாதிரி. சில கிடாக்களுக்கு இயல்பாகவே லேசான மஞ்சள் ஓடும். தண்ணீர்ப் பால் மாதிரி இருந்தால் விந்தணு குறைவு. இளஞ்சிவப்பு என்றால் ரத்தம், பழுப்பு என்றால் பழைய ரத்தம். மஞ்சளோடு சிறுநீர் வாடை அடித்தால் அந்தக் குப்பியைக் கொட்டிவிடலாம். திரிதிரியாக மிதந்தால் சீழ் என்று சந்தேகித்து மருத்துவரிடம் போக வேண்டும். அளவைப் பார்த்து மயங்காதீர்கள். இரண்டு மில்லி தண்ணீரைவிட அரை மில்லி கெட்டி மேல்.

இரண்டாவது, கூட்டத்தின் ஓட்டம். சூடான ஸ்லைடில் ஒரு சிறு சொட்டு, மேலே எதுவும் மூடாமல், 100 மடங்கு பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். தனி விந்தணு தெரியாது. அலை தெரியும். ஆசிட் ஊற்றியதும் ரப்பர்ப் பாலைக் கலக்கினால் கறுப்பும் வெள்ளையுமாகச் சுழி ஓடுமே, அதை நூறு இடத்தில் ஒரே நேரத்தில் போட்டது மாதிரி. இதற்கு 0-விலிருந்து 5 வரை மதிப்பெண். அசைவே இல்லை என்றால் 0. அங்கங்கே நெளிவு மட்டும், அலை இல்லை என்றால் 1. மெதுவான அலை 3. சுழன்று சுழன்று கண்ணைக் கட்டினால் 5. உடனே பயன்படுத்த 3 போதும். உறைய வைக்கப் போகிறீர்கள் என்றால் 4-க்குக் கீழே எடுக்காதீர்கள். அலை என்பது எண்ணிக்கை, வேகம் இரண்டும் சேர்ந்த கணக்கு. விந்து நீர்த்திருந்தால், ஒவ்வொன்றும் நன்றாக ஓடினாலும் அலை வராது. அதனால் இங்கேயே நிற்காமல் அடுத்ததையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, தனித்தனி ஓட்டம். வெதுவெதுப்பான உப்புக் கரைசலில் நீர்த்து, மேலே மெல்லிய கண்ணாடி வைத்து, 400 மடங்கில் பாருங்கள். இப்போது ஒவ்வொன்றும் தெரியும். நூற்றுக்கு எத்தனை நேராக முன்னால் போகிறது? வட்டமடிப்பது, நின்ற இடத்தில் துடிப்பது கணக்கில் சேராது. 70-க்கு மேல் வேண்டும். இது ஆளுக்கு ஆள் மாறும் மதிப்பீடு. ஒரே சொட்டைப் பார்த்து நான் 70 என்பேன், பக்கத்தில் இருப்பவர் 80 என்பார். பெரிய நிலையங்களில் கம்ப்யூட்டரே ஓட்டத்தைப் படம் பிடித்து எண்ணும். நம்மைப் போன்றவர்கள் நாலு இடம் பார்த்துச் சராசரி எடுப்போம்.

நான்காவது, உயிரும் உருவமும். எயோசின், நிக்ரோசின் என்று இரண்டு சாயம் கலந்த திரவத்தில் ஒரு துளி விந்தைக் கலந்து, ஸ்லைடில் மெல்லிசாக இழுத்துக் காய வைக்க வேண்டும். பின்னணி கறுப்பாகிவிடும். உயிரோடு இருந்த விந்தணுவுக்குள் சாயம் புகாது, அது வெள்ளையாக நிற்கும். செத்ததன் தோல் ஓட்டை என்பதால் இளஞ்சிவப்பாகும். 200 எண்ணுங்கள், அதிலேயே உருவக் கோளாறையும் குறித்துக்கொள்ளுங்கள். தலை மட்டும் தனியாக, வால் சுருண்டு, கழுத்தருகே சொட்டு ஒட்டிக்கொண்டு என்று பல விதம் வரும். மொத்தம் 20 சதவீதத்துக்குள் இருந்தால் பரவாயில்லை. கழுத்துச் சொட்டு நிறைய இருந்தால் விந்தணு முதிராமலே வெளியே வந்திருக்கிறது. கிடாக்குட்டி இன்னும் சின்னது, இல்லையென்றால் அதிகமாக வேலை வாங்கியிருக்கிறீர்கள். எல்லா வாலும் ஒரே மாதிரி சுருண்டிருந்தால் கிடாவைத் திட்டாதீர்கள், குப்பியில் தண்ணீர் இருந்திருக்கும்.

ஐந்தாவது, எண்ணிக்கை. ரத்த அணு எண்ணும் நியூபாவர் கண்ணாடிதான் இதற்கும். விந்தை 400 மடங்கு நீர்க்க வேண்டும். அந்தக் கரைசலில் துளி ஃபார்மலின் இருந்தால் விந்தணு நின்றுவிடும். ஓடுகிறதை எண்ண முடியாதே. கண்ணாடியின் நடுவே உள்ள பெரிய கட்டத்தில் 25 சதுரங்கள் உண்டு. நாலு மூலையும் நடுவும் சேர்த்து 5 சதுரத்தில் எண்ணுங்கள். 150 வந்தது என்று வைப்போம். 5-ஆல் பெருக்கினால் 750. அந்தக் கட்டத்துக்குள் பிடிக்கும் திரவம் ஒரு மில்லியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே பத்தாயிரத்தால் பெருக்கி, நீர்த்த 400-ஆலும் பெருக்கினால் 300 கோடி. ஒரு மில்லிக்கு 300 கோடி. நல்ல கிடா.

அதில் 80 சதவீதம் ஓடுகிறது என்றால் ஓடுகிறவை 240 கோடி. உடனே பயன்படுத்தும் விந்தில் பெட்டைக்குப் பத்துக் கோடி என்று பிரித்தால் 24 பெட்டைக்குக் காணும். உறைய வைத்தால் ஏறக்குறைய பாதி செத்துவிடும், அதனால் விந்தை அடைத்து வைக்கும் மெல்லிய குச்சி ஒவ்வொன்றிலும் கூடுதலாக அடைக்க வேண்டியிருக்கும், கணக்கும் சுருங்கும்.

நீர்க்கும் கரைசலில்தான் வெள்ளாட்டுக்கே உரிய ஒரு வம்பு இருக்கிறது. காளை விந்துக்கு முட்டை மஞ்சள் கருவை இருபது சதவீதம் வரை கலந்து வைப்பார்கள். அது குளிரிலிருந்து விந்தணுவைக் காக்கும். அதையே ஆட்டுக்கும் செய்தால் விந்து கட்டிதட்டிச் செத்துப் போகும். 1957-இல் ராய் என்கிற ஆய்வாளர் இதற்குக் காரணத்தைக் காட்டினார். கிடாவின் கௌப்பர் சுரப்பியிலிருந்து ஒரு நொதி விந்தில் கலக்கிறது. அது முட்டை மஞ்சளில் உள்ள லெசித்தின் என்கிற கொழுப்பை உடைக்கிறது. உடைந்து வருவது விந்தணுவின் தோலை அரிக்கும் நஞ்சு. பால் கரைசலிலும் வேறு வழியில் இதே மாதிரி தொல்லை உண்டு. அதனால் ஆட்டு விந்தை உடனே சுழல் இயந்திரத்தில் சுற்றி, சுரப்பி நீரைக் கழுவி அகற்றுகிறார்கள், அல்லது மஞ்சள் கருவை மிகக் குறைவாகப் போடுகிறார்கள், அல்லது சோயாவிலிருந்து எடுத்த லெசித்தினுக்குப் போகிறார்கள். மாட்டுக்குச் செய்து பழகிய கை ஆட்டிடம் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

உறைய வைப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது கொட்டகையில் நடக்கிற வேலை இல்லை. கிளிசரின் கலந்து, 4, 5 டிகிரிக்கு மெதுவாகக் குளிர்வித்து, மெல்லிய குச்சியில் அடைத்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் முக்குவார்கள். கிளிசரினின் குணத்தை 1949-இல் இங்கிலாந்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் மூவரும் கண்டுபிடித்ததே ஒரு தற்செயல். சர்க்கரைக் கரைசல் என்று நினைத்து எடுத்த போத்தலில் கிளிசரின் இருந்திருக்கிறது. நம் நாட்டில் கால்நடை மரபுவளத்தைக் காப்பதற்கென்றே பகாங் மாநிலத்து ஜெராண்டுட்டில் ஒரு தேசிய நிலையம் இருக்கிறது. பகாவ் ஸ்டேஷன் வழியாகப் போகிற அதே கிழக்குக்கரை ரயில்பாதையில்தான் ஜெராண்டுட்டும்.

சரி, அண்ணன் கிடாவுக்கு வருகிறேன்.

விதைப்பை 29 சென்டிமீட்டர், இரண்டும் சமம். குழாய்க்குப் பழக நாலு நாள் ஆனது. விந்து 1.2 மில்லி, நிறம் கொஞ்சம் நீர்த்திருந்தது. அலை 1. நேராக ஓடியவை நூற்றுக்கு 25 இருந்தால் அதிகம். உருவக் கோளாறு 45 சதவீதம். ஸ்லைடைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், சூடாகத்தான் இருந்தது. இரண்டு நாள் விட்டு மறுபடி எடுத்தேன். அதே கதை.

"பாத்தியா, நான் சொல்லல?" என்றார் அண்ணன். அக்கா கொட்டகை வாசலில் நேப்பியர் புல்லை வெட்டிக்கொண்டிருந்தார்.

"மாசி மாசம் இதுக்கு ஏதாச்சும் காய்ச்சல் கீய்ச்சல் வந்துச்சாண்ணே?"

அவர் இல்லை என்று தலையாட்டினார். அக்காதான் கத்தியை நிறுத்தினார். "குளம்பு அழுகிப் படுத்துக் கெடந்துச்சே, மறந்துட்டீங்களா? ஒரு வாரம் திங்கவே இல்ல. ஒடம்பு அடுப்பாட்டம் சுட்டுச்சு. நீங்க அப்ப சிரம்பான்ல தங்கச்சி வீட்டு விசேஷத்துல இருந்தீங்க."

மாசிக் கடைசிக்கும் அன்றைக்கும் ஏழு வாரம். காய்ச்சலில் வெந்த சரக்கு இப்போதுதான் வெளியே வந்துகொண்டிருந்தது. கூரையையும் பார்த்தேன். வெறும் தகரம், கிடாவின் முதுகுக்கும் அதற்கும் நாலடிகூட இல்லை. கூரை மேல் செம்பனை மட்டையைப் பரப்பச் சொன்னேன், கிடாவைப் பகலில் மரநிழலில் கட்டச் சொன்னேன். பெட்டைகளை அதனிடம் விட வேண்டாம், ஆனால் வாரம் ஒரு தடவை குழாயில் எடுத்துக் கொட்டிவிடலாம், பழசு தேங்காது. மருந்து எதுவும் கொடுக்கவில்லை. அண்ணனுக்கு அதுதான் பெரிய ஏமாற்றம். ஓர் ஊசியாவது போட்டிருந்தால் நம்பியிருப்பார்.

ஒன்று சொல்ல வேண்டும். எல்லாக் கிடாவும் இப்படித் திரும்பி வராது. விதை சுருங்கிப் போனது, விதைக் குழாய் அடைத்தது, பிறவிக் கோளாறு எல்லாம் இரண்டு மாதம் கழித்தும் அப்படியே இருக்கும். அப்போது அண்ணன் சொன்னதே சரி. அதே போல விந்து நன்றாக இருப்பதால் மட்டும் கிடா பெட்டை மேல் ஏறும் என்றோ, எல்லாப் பெட்டையும் சினையாகும் என்றோ எழுதிக் கொடுக்க முடியாது. பரிசோதனை மோசமானதைக் கழித்துக் காட்டும், அவ்வளவுதான்.

ஆனி பிறந்த வாரம் மறுபடி போனேன். 1 மில்லி, கிரீம் நிறம். அலை 4. ஓடியவை 75. கோளாறு 14. அண்ணனையும் மைக்ரோஸ்கோப்பில் பார்க்க விட்டேன். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு குனிந்தவர் கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை.

"எம்மாடி, சந்தக்கடையாட்டம் இருக்கே" என்றார். பிறகு கொட்டகைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்: "இந்தா, முனியாண்டிக்கு வேற கிடா பாக்கணும். பெலாங்காய் ஆட்டுக்காரர்கிட்ட நாளைக்கே சொல்லி வை."